திரும்பி வரும் கணக்கு

பேட்டரியின் மேல் 100 ஆம்பியர்-ஹவர் என்று எழுதியிருந்தது. மோட்டார் முழு வேகத்தில் 50 ஆம்பியர் இழுக்கும் என்று அதோடு வந்த குறிப்பேட்டில் இருந்தது. நூறை ஐம்பதால் வகுத்தால் இரண்டு. இரண்டு மணி நேரம் ஓடும் என்று நம்பி, என் மகளையும் ஏற்றிக்கொண்டு, புதிதாக மோட்டார் பொருத்திய படகை ஒரு மாலையில் நீரில் இறக்கினேன். காற்று பின்னாலிருந்து தள்ளிக் கொடுத்தது. நாற்பது நிமிடம் போய்விட்டுத் திருப்பினேன். இன்னும் ஒரு மணி இருபது நிமிடம் மிச்சம் இருக்கிறது, தாராளமாகக் கரை சேரலாம் என்பது என் எண்ணம்.

திருப்பிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. "அப்பா, மோட்டார் சத்தம் மாறுதுப்பா" என்றாள் மகள். எனக்கு அதுவரை எந்த வித்தியாசமும் கேட்கவில்லை. அவள் சொன்ன பிறகு காது கொடுத்தேன். ஆமாம், குரல் இறங்கியிருந்தது. அடுத்த ஐந்து நிமிடத்தில் மோட்டார் முனகி நின்றது. எதிர்காற்றில் படகு மெல்லப் பின்னால் நகர ஆரம்பித்தது. துடுப்பு இருந்தது, இருவரும் மிதவை அங்கி அணிந்திருந்தோம், அதனால் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் மூன்று கிலோமீட்டருக்கு மேல் துடுப்பு போட்டு இருட்டிய பிறகு கரை சேர்ந்தோம். அவள் கடைசி வரை டார்ச்சைப் பிடித்தபடி முன்னால் உட்கார்ந்திருந்தாள். அந்த ஒரு மணி ஐம்பது நிமிடம் நான் வேறு எதையும் யோசிக்கவில்லை. கணக்கு எங்கே தப்பியது என்பது மட்டுமே மனதில் ஓடியது.

தப்பு பேட்டரியின் மேல் இருந்த சின்ன எழுத்தில் இருந்தது. 100 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் 'சி20' என்று போட்டிருந்தார்கள். இருபது மணி நேரத்தில், அதாவது 5 ஆம்பியர் வீதம் நிதானமாக எடுத்தால்தான் 100 கிடைக்கும் என்று அதற்குப் பொருள். அவசரமாக எடுத்தால் குறையும். எவ்வளவு குறையும் என்பதை வில்ஹெல்ம் பாய்கெர்ட் என்ற ஜெர்மானியர் 1897-இலேயே ஒரு சூத்திரமாக எழுதி வைத்திருக்கிறார். சாதாரண லெட் ஆசிட் பேட்டரிக்கு அந்தச் சூத்திரத்தில் வரும் அடுக்கெண்ணை 1.25 என்று வைத்துக்கொண்டு, 50 ஆம்பியருக்குப் போட்டுப் பாருங்கள். கிடைப்பது 56 ஆம்பியர்-ஹவர். நேரம், ஒரு மணி ஏழு நிமிடம். அதுவும் புது பேட்டரி, முழு சார்ஜ், அடியோடு தீரும் வரை. என்னுடையது ஐம்பத்தைந்து நிமிடத்தில் படுத்ததில் ஆச்சரியமே இல்லை.

ஏன் இப்படி? ஈயத் தகட்டின் நுண்துளைகளுக்குள் இருக்கும் அமிலம் முதலில் செலவாகிறது. வெளியே இருக்கும் அமிலம் உள்ளே ஊறிப் போக நேரம் வேண்டும். நாம் அந்த நேரத்தைக் கொடுக்காமல் இழுத்தால், தொட்டியில் அமிலம் மிச்சமிருந்தும் தகட்டுக்குப் பசி. அன்று துடுப்பு போட்டுக் கை ஓய்ந்தபோது, அரை மணி கழித்து மோட்டாரைப் போட்டுப் பார்த்தேன். நாலைந்து நிமிடம் ஓடியது. அந்த இடைவெளியில் அமிலம் ஊறியிருக்கிறது. அன்றைக்கு அது எனக்குப் புரியவில்லை, பேட்டரி மனம் மாறியது போல இருந்தது.

இரண்டாவது தப்பும் இருந்தது. அது வண்டி ஸ்டார்ட் செய்வதற்கான பேட்டரி. அந்த வகையில் தகடுகள் மெல்லியவை, எண்ணிக்கையில் அதிகம். சில விநாடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுத்துவிட்டு உடனே மறுபடி சார்ஜ் ஏற்றிக்கொள்வதற்காகச் செய்தவை. அவற்றை அடிவரை காலி செய்தால் தகட்டில் அப்பிய பசை உதிர்ந்து அடியில் சேரும், சில பத்து முறையிலேயே பேட்டரி முடிந்துபோகும். படகுக்கு வேண்டியது தடித்த தகடு கொண்ட டீப் சைக்கிள் வகை. இரண்டும் வெளியே பார்க்க ஒரே கறுப்புப் பெட்டிதான். ஒன்றின் மேல் குளிரில் ஸ்டார்ட் செய்யும் ஆம்பியர் பெரிய எழுத்தில் இருந்தால், அது படகுக்கானது அல்ல என்று வைத்துவிடலாம்.

அந்த மாலைக்குப் பிறகு ஒரு தீர்மானத்துக்கு வந்தேன், இன்று வரை அதிலிருந்து மாறவில்லை. பேட்டரியைத் தேர்ந்தெடுக்கும் வேலை பேட்டரியில் தொடங்குவதில்லை. என் படகு, என் சுமையோடு, எந்த வேகத்தில் எவ்வளவு சக்தி கேட்கிறது என்று தெரியாமல் எந்தப் பெட்டியை வாங்கினாலும் அது ஊகம்தான்.

அளப்பது கடினமே இல்லை. முதல் முறை நான் செய்தது இது. மோட்டாரைத் தூக்கி நீருக்கு வெளியே நிறுத்திவிட்டு, வேறொரு படகின் பின்னால் கயிறு கட்டி என் படகை இழுக்கச் சொன்னேன். கயிற்றின் நடுவே மீன் நிறுக்கும் ஸ்பிரிங் தராசு. வேகத்துக்கு கைப்பேசியில் ஜிபிஎஸ். மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் தராசு ஆறரை கிலோ காட்டியது. இழுவிசையை வேகத்தால் பெருக்கினால் ஏறத்தாழ 90 வாட். இது நீர் கேட்கும் சக்தி மட்டுமே. மோட்டாரிலும் புரொப்பெல்லரிலும் போகும் நஷ்டத்தைச் சேர்த்தால் பேட்டரியிலிருந்து அதைப் போல இரண்டரை, மூன்று மடங்கு எடுக்க வேண்டும். பிறகு வாட்மீட்டர் பொருத்தி ஓட்டியபோது 250 வாட் காட்டியது. வில்லியம் ஃபுரூட் 1870-களில் இங்கிலாந்தின் டார்க்கீயில் நீண்ட தொட்டி கட்டி, மெழுகில் செய்த மாதிரிக் கப்பல்களை இழுத்து இழுவிசையை அளந்தார். பெரிய கப்பலின் எஞ்சினைத் தீர்மானிக்க அவர் வைத்த வழியும் என் மீன் தராசும் அடிப்படையில் ஒன்றுதான். அது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது.

பிறகு அமைதியான ஒரு காலையில், ஒவ்வொரு வேகத்திலும் ஒரே நேர்க்கோட்டில் போகவும் வரவும் ஓட்டிச் சராசரி எடுத்தேன். 5 கி.மீ. வேகத்தில் 250 வாட். ஆறரையில் 560. எட்டில் 1,100. (கடைசி எண், பின்னால் 24 வோல்ட் மோட்டாருக்கு மாறிய பிறகு எடுத்தது.) இந்த மூன்று எண்களை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று சொல்ல முடியாது. வேகம் அறுபது சதவீதம் கூடியிருக்கிறது, சக்தி நான்கு மடங்குக்கு மேல் போய்விட்டது. இப்படிப் பட்ட படகுக்குச் சக்தி ஏறத்தாழ வேகத்தின் மும்மடியாக ஏறும். நீரைக் கிழித்துப் போகும் படகு தனக்கு முன்னால் தானே ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக் கூட அந்த அலையின் நீளம் கூடி, ஒரு கட்டத்தில் படகின் நீளத்துக்குச் சமமாகிறது. அதற்கு மேல் போக வேண்டுமென்றால் தன் அலையின் மேட்டிலேயே ஏற வேண்டும். நீர்மட்டத்தில் படகின் நீளத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.5-ஆல் பெருக்கினால் அந்த எல்லை கி.மீ. கணக்கில் வந்துவிடும். என் படகு நீர்மட்டத்தில் நாலரை மீட்டர், எல்லை ஒன்பதரை கி.மீ. அதை எட்ட முயல்வதற்கு எந்த பேட்டரியும் போதாது, அதற்கு வேண்டியது வேறு வடிவப் படகு.

ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு செலவு என்று மாற்றிப் பார்த்தால் இன்னும் தெளிவு. எட்டில் போனால் கிலோமீட்டருக்கு 137 வாட்-ஹவர். ஆறரையில் 86. ஐந்தில் 50. ஒரே பேட்டரி, ஒரே படகு, ஒரே ஆள். 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி ஒன்றில் 1,280 வாட்-ஹவர் இருக்கிறது. அதில் எண்பது சதவீதம் பயன்படுத்தினால், அவசரமாகப் போகிறவர் ஏழரை கிலோமீட்டர் போவார், நிதானமாகப் போகிறவர் இருபது போவார். பேட்டரியை இரட்டிப்பாக்குவதற்கு முன் வேகத்தை ஒன்றரை கிலோமீட்டர் குறைத்துப் பார்க்கச் சொல்வேன். எடை கூடாது, செலவில்லை.

ஆனால் மெதுவாகப் போனால் எப்போதும் மிச்சம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, ஆற்றில் இது மாறும். எதிரே நீரோட்டம் இருக்கும்போது அளவுக்கு மீறி மெதுவாகப் போனால், இருந்த இடத்தில் நிற்பதற்கே சக்தி போய்விடும். சக்தி மும்மடியாக ஏறும் படகுக்கு இதில் அழகான விடை ஒன்று உண்டு. நீரோட்டத்தின் வேகத்தைப் போல ஒன்றரை மடங்கு வேகம்தான் மிகக் குறைந்த செலவு. நீரோட்டம் 4 கி.மீ. என்றால் நீரைப் பொறுத்து 6 கி.மீ. வேகம் வைக்க வேண்டும். கரையைப் பொறுத்து 2 கி.மீ. தான் நகர்வோம், பொறுமை தேவை. அப்படிப்பட்ட ஆற்றில் கிலோமீட்டர் கணக்கு எல்லாமே தலைகீழாக மாறுவதால், பேட்டரியின் அளவைப் போகும் கணக்கில் வைத்துத் தீர்மானிக்காதீர்கள். வரும் கணக்கில் வையுங்கள்.

மின்படகு புதிய சங்கதி என்று நினைக்கிறவர்கள் பலர். 1838-இல் மோரிட்ஸ் யாகோபி, ரஷ்ய ஜாரின் பண உதவியோடு, நேவா நதியில் பத்துப் பேருக்கு மேல் ஏற்றி மின்மோட்டார் படகு ஓட்டினார். அவரிடம் இருந்தது மறுபடி சார்ஜ் செய்ய முடியாத பேட்டரி; துத்தநாகம் கரைந்தால் தீர்ந்தது. சார்ஜ் செய்யக்கூடிய ஈய பேட்டரியை காஸ்டன் பிளாண்டே செய்தது 1859-இல்தான். 1881-இல் குஸ்தாவ் த்ரூவே பாரிஸில் சேன் நதியில், சுக்கானோடு சேர்ந்து கழற்றி எடுக்கக்கூடிய மின்மோட்டாரை மாட்டி ஓட்டினார். இன்றைய அவுட்போர்டு மோட்டாரின் மூதாதை அது. 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் 55 மின்படகுகள் நீர்வழிகளில் ஓடி, பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஏற்றின. கனத்த ஈய பேட்டரியை வைத்துக்கொண்டு அதை எப்படிச் சாதித்தார்கள்? படகு நீளமாக, ஒல்லியாக இருந்தது. வேகம் குறைவு. பேட்டரிகள் இருக்கைகளுக்கு அடியில் தாழ்வாகக் கிடந்து படகை ஆடாமல் நிறுத்தின. எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பது முன்கூட்டியே தெரியும். நூற்று இருபது ஆண்டுகள் கழித்து, 2015-இல் நார்வேயில் ஓட ஆரம்பித்த 'ஆம்பியர்' என்ற கார் படகும் இதே வழியில்தான் வென்றது. 120 கார்களையும் 360 பயணிகளையும் ஏற்றும் அந்தப் படகில் ஒரு மெகாவாட்-ஹவர் அளவு லித்தியம் பேட்டரி. ஒரே நீர்வழி, ஒரே தூரம், நாள் முழுக்க. கரையில் இருக்கும் மின்கம்பி அத்தனை வேகமாகக் கொடுக்காது என்பதால் இரு கரையிலும் பேட்டரி வைத்து, அவற்றை மெதுவாக நிரப்பிப் படகுக்கு வேகமாக ஊற்றினார்கள். பாதை தெரிந்தவருக்கு பேட்டரி தெரியும்.

இனி எந்த வகை என்ற கேள்வி. என் படகில் இப்போது இருப்பது லித்தியம் அயர்ன் (இரும்பு) பாஸ்பேட், சுருக்கமாக எல்எஃப்பி. இதன் வேதியியலை டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குடினஃபின் குழு 1997-இல் வெளியிட்டது. லித்தியம் அயன் பேட்டரிக்காக அவருக்கும் ஸ்டான்லி விட்டிங்ஹாமுக்கும் அகிரா யோஷினோவுக்கும் 2019-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. கைப்பேசியிலும் பல கார்களிலும் இருக்கும் நிக்கல் அல்லது கோபால்ட் கலந்த வகை இன்னும் எடை குறைவு, ஆனால் படகுக்கு நான் அதைத் தொடமாட்டேன். எல்எஃப்பியில் ஆக்சிஜன் பாஸ்பரஸோடு இறுக்கமாகப் பிணைந்திருக்கிறது. செல் சூடேறினாலும் ஆக்சிஜன் எளிதில் வெளியே வராது, அதனால் தீ தானே தனக்கு மூச்சு கொடுத்துக்கொள்வது மிகவும் கடினம். தரையில் தீப்பிடித்தால் ஓடலாம். படகில் ஓட இடமில்லை. எடையில் கிடைக்கும் சில கிலோ லாபத்துக்காக அந்தப் பாதுகாப்பை விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஈயத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் கையில் தூக்கினாலே தெரியும். என் 24 வோல்ட் (சரியாகச் சொன்னால் 25.6) 100 ஆம்பியர்-ஹவர் எல்எஃப்பி 2,560 வாட்-ஹவர் வைத்திருக்கிறது, எடை இருபத்துமூன்று கிலோ. அதில் எண்பது சதவீதம் எடுக்கலாம். அதே பயன்பாட்டு அளவை ஈயத்தில் வேண்டுமென்றால், பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது என்பதையும் பாய்கெர்ட் கணக்கையும் சேர்த்து, நூறு கிலோவுக்கு மேல் ஏற்ற வேண்டும். அந்த எடையை இழுக்கவே மின்சாரம் போகும். ஆயுளிலும் தூரம் அதிகம். நல்ல டீப் சைக்கிள் ஈய பேட்டரி பாதி வரை இறக்கினால் சில நூறு முறை வரும். எல்எஃப்பிக்கு எண்பது சதவீதம் இறக்கினாலும் 2,000 முறைக்கு மேல் என்று தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகிறார்கள். சார்ஜ் செய்யும்போது ஈயம் கடைசி இருபது சதவீதத்தை மணிக்கணக்கில் மெல்லும். எல்எஃப்பி ஏறத்தாழ முழுக்க நிரம்பும் வரை வேகமாக வாங்கிக்கொள்ளும்.

அதற்காக ஈயத்தை ஒதுக்கவும் மாட்டேன். அடியில் எடை வேண்டும் என்றே கட்டிய கனமான படகு, வருடத்தில் சில நாள் மட்டும் இறங்குவது, ஆம்பியர் குறைவாக இழுப்பது, முதலில் போடும் பணம் குறைவாக இருக்க வேண்டும் என்பது, இவையெல்லாம் சேர்ந்தால் ஈயம் நல்ல தேர்வுதான். ஆனால் அதைக் காலியாக விட்டுவிட்டு வீட்டுக்குப் போகக் கூடாது. தகட்டில் சல்பேட் படிந்து கெட்டிப்பட்டால் கொள்ளளவு திரும்ப வராது. திறந்து டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றும் வகையைப் படகில் வைப்பவர் இன்னும் கவனிக்க வேண்டும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பொறிக்குக் காத்திருக்கும். கடல்நீர் உள்ளே புகுந்தால் குளோரின் வாயு வரும். நீர்மூழ்கிக் கப்பல்காரர்கள் இதற்கு நடுங்கினார்கள். அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் ஊறவைத்து மூடிய ஏஜிஎம் வகை இந்த இரண்டு தொல்லையையும் பெருமளவு குறைக்கிறது.

எல்எஃப்பிக்கு ஒரு பழக்கம் உண்டு, அதைச் சொல்லாமல் யாருக்கும் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். அது எச்சரிக்கை கொடுக்காது. ஈயம் தளர்ந்து தளர்ந்து சொல்லிக்கொண்டே போகும். அன்று என் மகளின் காதுக்கு எட்டியது அந்தத் தளர்ச்சிதான். எல்எஃப்பியில் தொண்ணூறு சதவீதத்திலிருந்து இருபது வரை வோல்ட் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நிற்கும். செல் ஒன்றுக்கு 3.3, பிறகு 3.2, அவ்வளவுதான். வோல்ட் மீட்டரைப் பார்த்து ஓட்டினால் எதுவுமே தெரியாது. கடைசியில் எந்தச் செல்லாவது 2.5 வோல்ட்டுக்கு இறங்கும்போது, உள்ளே இருக்கும் பிஎம்எஸ் என்ற காவல் பலகை எல்லாவற்றையும் ஒரே நொடியில் துண்டித்துவிடும். பேட்டரியைக் காப்பாற்றுவது அதன் வேலை, அது தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. நீங்கள் அந்த நேரத்தில் பாறைக்கும் நீரோட்டத்துக்கும் நடுவில் இருக்கலாம். ஆகவே உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணிக்கொண்டே இருக்கும் ஷண்ட் மீட்டர் கட்டாயம். என்னுடையது நாற்பது சதவீதத்தில் ஒரு முறை கூவும், இருபத்தைந்தில் மறுபடி கூவும். வோல்ட் மீட்டரை மட்டும் நம்பி லித்தியம் படகில் குழந்தைகளை ஏற்றிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

பிஎம்எஸ்ஸின் அளவையும் பாருங்கள். 50 ஆம்பியர் மோட்டாருக்கு 50 ஆம்பியர் பிஎம்எஸ் போதும் என்று தோன்றும். புரொப்பெல்லரில் பாசியோ வலைத் துண்டோ சுற்றிக்கொண்டால் மோட்டார் கூடுதலாக இழுக்கும், அந்த நேரம் பார்த்து அது துண்டிக்கும். நான் இரண்டு மடங்கு வைத்திருக்கிறேன். 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 ஆக்கப் போகிறவர்கள், அந்த பேட்டரியின் பிஎம்எஸ் தொடர் இணைப்பை அனுமதிக்கிறதா என்று வாங்கும் முன்பே கேட்க வேண்டும். சிலவற்றில் அனுமதி இல்லை. இணைக்கும் முன் இரண்டையும் தனித்தனியாக முழு சார்ஜ் செய்து சமப்படுத்த வேண்டும்.

ஏன் 24 என்றால், கேபிளுக்காக. என் படகில் பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு நாலு மீட்டர், போகவர எட்டு. 16 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் 50 ஆம்பியர் ஓடினால் 0.43 வோல்ட் வழியிலேயே தொலையும், இருபது வாட்டுக்கு மேல் சூடாகப் போகும். அதே சக்தியை 24 வோல்ட்டில் அனுப்பினால் 25 ஆம்பியர் போதும், நஷ்டம் நாலில் ஒரு பங்கு. உப்புக் காற்றில் வெறும் செம்பு பச்சை பூத்துப் போகும், வெள்ளீயம் பூசிய கம்பியே நிற்கும்.

ஃபியூஸ் பற்றி ஒரு வார்த்தை, இதைப் பலர் கடைசியில் நினைக்கிறார்கள். எல்எஃப்பியின் உள்தடை மிகக் குறைவு. டெர்மினலில் ஒரு ஸ்பேனர் விழுந்தால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். சாதாரண ஃபியூஸ் உருகினாலும் அதன் இரண்டு முனைகளுக்கு நடுவே நெருப்பு வில் நின்று எரியலாம். 20,000 ஆம்பியர் வரை அறுக்கக்கூடிய கிளாஸ் டி (T) ஃபியூஸ், பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு ஒரு சாணுக்கும் குறைவான தூரத்தில் இருக்க வேண்டும். ஃபியூஸுக்கும் பேட்டரிக்கும் இடையில் உள்ள கம்பிக்குக் காவல் யாரும் இல்லை. அதனால்தான் அந்தத் தூரம் குறைவாக இருக்க வேண்டும்.

பேட்டரி எங்கே உட்காரும் என்பதை, நான் கேட்காமலேயே எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் படகு கட்டும் ஒரு பெரியவர். பேட்டரியைப் பின்னால் மோட்டாருக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன், கம்பி மிச்சம் என்று. படகைப் பார்த்தவர், "தம்பி, நீயும் பின்னாடி, மோட்டாரும் பின்னாடி, இதுவும் பின்னாடியா? அணியம் எந்திரிச்சு நிக்குதே, பாரு" என்றார். அணியம் என்றால் படகின் முன்பக்கம். முன்னால் நகர்த்தி, நடுவில் தாழ்வாக, பட்டையால் இறுக்கிக் கட்டினேன். அன்றே அதே வேகத்துக்கு வாட் குறைந்தது. கட்டுவதைச் சும்மா கட்டாதீர்கள். படகு சாய்ந்தாலும் இருபத்துமூன்று கிலோ நகரக் கூடாது.

வாங்கும்போது இன்னொன்று. எடையைக் கேளுங்கள். நல்ல எல்எஃப்பி செல்லே கிலோவுக்கு 160 வாட்-ஹவரை ஒட்டித்தான் கொடுக்கும். 12.8 வோல்ட் 100 ஆம்பியர்-ஹவர் என்று எழுதிய பெட்டி, உறையும் பலகையும் சேர்த்து எட்டு கிலோவுக்குக் கீழே இருந்தால் உள்ளே அவ்வளவு இருக்க முடியாது. எனக்கு ஒரு முறை வந்தது அப்படித்தான் இருந்தது. தரையிலேயே மோட்டாருக்குப் பதில் நிலையான சுமை ஒன்றை மாட்டி முழுக்க இறக்கி எண்ணினேன், திருப்பி அனுப்பினேன். அதன் பிறகு தரையில் எண்ணாமல் எந்த பேட்டரியையும் நீரில் இறக்கியதில்லை.

பராமரிப்பு பெரிய விஷயமில்லை. லித்தியத்துக்கான சார்ஜரே வேண்டும். சல்பேட் நீக்கும் முறை உள்ள ஈய சார்ஜரின் உயர்ந்த வோல்ட் அதற்கு ஆகாது. உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உலோகமாகப் படிந்து செல் நிரந்தரமாகக் கெடும். மாதக்கணக்கில் கிடப்பில் போடுவதென்றால் பாதி சார்ஜில் குளுமையான இடத்தில் வையுங்கள். முழுக்க நிரப்பி வெயிலில் வைக்காதீர்கள். ஈயத்துக்கு இதற்கு நேர் எதிர், அது எப்போதும் நிறைந்தே இருக்க வேண்டும்.

போன வாரம் நண்பர் ஒருவர், "எந்த பேட்டரி வாங்கலாம், ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டார். பெயர் எதுவும் சொல்லவில்லை. மீன் தராசையும் வாட்மீட்டரையும் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். போக வேண்டிய தூரத்தையும், படகில் எத்தனை பேர் என்பதையும், காற்று வழக்கமாக எந்தப் பக்கமிருந்து அடிக்கும் என்பதையும் எழுதி வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். எண்கள் வந்ததும் இருவரும் உட்கார்ந்து பார்ப்போம்: போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, தொடாமல் வைக்க ஒரு பங்கு.

ஞாயிற்றுக்கிழமை மகளும் நானும் பதினொரு கிலோமீட்டர் போய்த் திரும்பினோம். ஐந்து கி.மீ. வேகம், போகும்போது லேசாகப் பின்காற்று. கரையில் ஏறும்போது மீட்டர் 54 சதவீதம் காட்டியது. துடுப்பு இரண்டும் பலகைக்கு அடியில் கட்டியபடியே இருந்தன. படகு நோட்டை இப்போது எழுதுவது அவள்தான். தேதி போட்டு, போக 520 வாட்-ஹவர், வர 660 என்று எழுதினாள். வரும்போது ஏன் அதிகம் என்று அவள் என்னிடம் கேட்கவில்லை.